மூலவரின் துடைப்பம்

பழைய அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு மனைவிக்குத் திறந்தது. அவர் பின்னால் வந்ததும் முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது.

"ஏங்க, உள்ளே வராம அங்க என்ன பண்றீங்க?"

"வேடிக்கை பார்க்கிறேன்! கதவு திறக்க மாட்டேங்குது!"

ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு அது. அதை இயக்கும் கணினி நிரலுக்கு மூலமே அவர்தான். கையை ஆட்டினார், குதித்துப் பார்த்தார். ம்ஹூம், கதவு மசியவில்லை. கடைசியில் மனைவி திரும்பி வந்து கதவு திறந்ததும், அவள் தோளைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

அலுவலகத்தில் அவருக்கு 'மூலவர்' என்று பட்டப்பெயர். மீசை அரும்புகிற வயதில் ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். பிறகு அந்த மொழியிலேயே ஓர் இயங்குதளம். இன்றைக்கு ஆஸ்பத்திரி, ரயில், தெருவிளக்கு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அந்த இயங்குதளத்துக்கு இன்று பிற்பகல் மேல்மாடி அரங்கில் பாராட்டு விழா. அழைப்பு மட்டும் 'முன்னாள் ஊழியர் குடும்பம்' என்று மனைவியின் பெயருக்கு வந்திருந்தது. ஏதோ கைத்தவறு என்று அவர் விட்டுவிட்டார்.

வரவேற்பறைப் பெண் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க மட்டும்தானா மேடம்?"

"இதோ, இவரும்தான்."

அந்தப் பெண் மூலவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பூந்தொட்டி இருந்தது. "செடிக்கெல்லாம் சீட்டு வேண்டாம் மேடம்," என்றாள்.

மூலவர் மனைவியிடம் திரும்பினார். "நீ இங்கேயே உட்காரு. நான் மேலே போய் என்னன்னு பார்த்துட்டு வரேன்."

லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. நல்லவேளையாக யாரோ இறங்கக் கதவு திறந்தது. உள்ளே முக்காலியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழகிய முகம்.

"வாங்க சார்! எவ்வளவு நாளாச்சு! அம்மா வரலையா?"

"கீழே இருக்கா. நான் என் பழைய ரூமுக்குப் போகணுமே."

"கொஞ்சம் பொறுங்க சார். யாராவது வந்து பட்டனை அமுக்குவாங்க."

வேலை பார்க்கிற லட்சணம்! இரண்டு பேர் ஏறினார்கள், பொத்தானை அழுத்தினார்கள். லிஃப்ட்காரரை ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மரியாதை தெரியாத பிள்ளைகள் என்று மூலவர் முணுமுணுத்துக்கொண்டார்.

பழைய அறையில் அவர் நுழைந்தபோது விளக்கு எரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கணினியைப் போட்டார். அது விழித்ததும் முதல் வரியில் அவர் பெயர் வரும், என்றைக்கும் வரும். இன்று வரவில்லை. புதிய பதிப்பில் யாரோ அதை வெட்டியிருந்தார்கள். காரணமும் எழுதியிருந்தது: 'தேவையில்லாத வரி.'

மூலவருக்கு வாசல் கதவும் லிஃப்ட் பொத்தானும் ஞாபகம் வந்தன. இது துடைப்பத்தின் வேலை.

துடைப்பம் என்பது அவரே எழுதி, அவரே செல்லமாகப் பெயர் வைத்த நிரல். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரை ஒரு பொருள் கணினிக்குள் இருக்கலாம். யாருமே கூப்பிடவில்லை என்றால் துடைப்பம் சத்தமில்லாமல் வந்து பெருக்கித் தள்ளிவிடும். நினைவகத்தில் இடம் மிச்சம். அதற்காக அவருக்கு விருதெல்லாம் கொடுத்தார்கள். உள்ளேயே பெருக்கிக்கொண்டிருந்தது, கதவும் விளக்கும் கைக்கு வந்ததும் வெளியேயும் பெருக்க ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.

'அட, இவ்வளவுதானே!' என்று தன் பெயரைத் தானே கூப்பிடும்படி ஒரு வரி எழுதினார். தன்னைத் தானே கூப்பிடுவது செல்லாது என்று திரை சொன்னது. அந்த விதியும் அவர் போட்டதுதான். அதோடு விட்டதா? அவர் இருக்கிற இடமும் துடைப்பத்துக்குத் தெரிந்துபோனது. அவர் தட்டிய எழுத்துகளில் பாதிதான் திரையில் விழுந்தன. திரையின் கருப்பில் நாற்காலியின் முதுகு தெரிந்தது. அதில் உட்கார்ந்திருந்த அவர் தெரியவில்லை.

பதறிப்போய் அடுத்த வழியைப் பிடித்தார். மனைவிக்குக் கதவு திறக்கிறது. அவளோடு ஒட்டிக்கொண்டால் தனக்கும் திறக்குமே! விருந்தினர் பதிவில் தனியாக இருந்த அவள் பெயரைக் கழற்றி, தன் பெயரோடு சேர்த்துக் கட்டினார்.

சற்று நேரத்தில் மனைவி மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தாள். "ஏங்க! நல்லாப் பேசிட்டிருந்த பொண்ணு, பாதியில நிறுத்திட்டு என் மேலேயே ஃபைலை அடுக்குறா! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவர் சொன்னார். கடைசிப் பகுதியைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் மட்டும் கூப்பிட்டுக்கிட்டிருந்தா, வெளியாள் யாரும் கூப்பிடலைன்னா, துடைப்பம் ரெண்டையும் சேர்த்துப் பெருக்கிடும்."

"இந்த விதியும் நீங்க போட்டதுதானா?"

"இதுக்குத்தான் விருது கொடுத்தாங்க."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "காலமெல்லாம் இந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழுதீங்க. ஒரு விசேஷத்துக்குப் போனோமா, நாலு பேரோட பழகினோமா? உங்களை விட்டா என்னைக் கூப்பிட யாருங்க இருக்கா? அந்த வாசல் கதவு ஒண்ணுதான் என்னை மதிச்சுத் திறந்தது. அதையும் கெடுத்துட்டீங்களே!"

மூலவருக்கு அழுகை வந்துவிட்டது. "மேலே விழாவுல என் பேரைச் சொல்லித்தானே ஆகணும்? மைக்குல ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும். நீயும் பிழைச்சுக்குவே, நானும் பிழைச்சுக்குவேன்."

அரங்கில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு அம்மாள் தன் கைப்பையை மூலவரின் மடியில் வைத்தாள். பை நேராகப் போய் நாற்காலியில் விழுந்தது. அந்த அம்மாள் இருக்கையைத் தடவிப் பார்த்து, "இங்க ஏன் இப்படிக் குளிருது?" என்று பையை எடுத்துக்கொண்டு வேறு இடம் போனாள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இந்த இயங்குதளம் இல்லைன்னா நாம இல்லை! இதை உருவாக்கினவர்..."

மூலவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இயக்குநர் எதிரிலிருந்த திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "உருவாக்கினவர்னு தனியா யாரும் இல்லைன்னு சிஸ்டமே சொல்லுது. தானாவே வளர்ந்திருக்கு! எப்பேர்ப்பட்ட அதிசயம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பூங்கொத்தைக் கொண்டுபோய் மேடையிலிருந்த கணினியின் தலையில் வைத்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்பதைத் தவிர வேறு எப்படியும் அவரைக் கூப்பிட்டறியாதவள் மனைவி. அவள் விறுவிறுவென்று மேடையேறினாள். மைக்குக்கு முன் நின்று, முதல் தடவையாக, அவர் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு தலை திரும்பவில்லை. ஒலிபெருக்கியில் லேசாக இரைச்சல் கேட்டது. யாரோ வந்து ஒயரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார்கள். ஆளில்லாத இடம் என்று விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கோடியில் யாரோ இறங்க லிஃப்ட் திறந்தது.

"வாங்க சார்! அடடே, அம்மாவும் வந்தாச்சா! வாங்கம்மா, வாங்க!"

மனைவி மூலவரைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க! இவர் என்னைப் பார்க்கிறாருங்க! நம்ம ரெண்டு பேரையும் பார்க்கிறாரு!"

மூலவர் ஓடிப்போய் லிஃப்ட்காரரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்! வெளியாள் ஒருத்தர் கூப்பிட்டாப் போதும். என் பேரைச் சொல்லுங்க. இவ பேரையும் சொல்லுங்க!"

லிஃப்ட்காரர் இரண்டு பேரையும் பெயர் சொல்லி, வாய் நிறையக் கூப்பிட்டார். மூலவர் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார்.

லிஃப்ட்காரர் எழுந்து, முக்காலியை மனைவியின் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"நான் கூப்பிட்டா செல்லாது சார். இந்த லிஃப்ட் தானா ஓடட்டும்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அன்னிக்கே என்னைப் பெருக்கியாச்சு."