தரம் திருத்தப்படுகிறது

இந்தச் சம்பவத்துக்கு முன் ஆம்பூரில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்ததை மட்டும் கேள்விப்பட்டவர்கள் என்னைப் பற்றித் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நான் வேதியியல் பட்டதாரி. ஒரு பெரிய தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். மேசையில் விரித்த தோலைக் கண்ணால் ஒரு முறை மேய்ந்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி நான் தரத்தைச் சொன்னால், கடல் கடந்து வந்த வாடிக்கையாளர்களும் அதை மாற்றியதில்லை. (ஒருவர் மட்டும் மாற்றப் பார்த்தார். மாலையில் அவரே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.) ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் இசை மன்றத்தின் துணைத் தலைவனானேன். கச்சேரிகளில் எனக்கு முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. நான் தலையை அசைத்த பிறகுதான் பின்வரிசைகள் அசையும்.

மன்றத்தின் தலைவர் பெங்களூருக்கு மகள் வீட்டோடு போவதென்று முடிவானபோது, அடுத்த தலைவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சந்தேகம் இருந்தது தணிகாசலத்துக்கு. வாலாஜாபேட்டையிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. செயற்குழுவில் எல்லோர் முன்னிலையிலும், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்:

"வரதராஜன் சாருக்குத் தோல் பாக்குற கண்ணு இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா பாட்டு கேக்குறதுக்குக் காதுன்னு ஒண்ணு வேணுமே சார்?"

அவ்வருடம் மன்றத்தில் இளைஞர் யாரும் சேருவதில்லை என்ற கவலையில், ஓர் இளைஞர் இசை மாலைக்கு ஏற்பாடாகியிருந்தது. சுற்று வட்டார இசைக்குழுக்கள் வந்து சொந்தப் பாட்டைப் பாடவேண்டும். சினிமாப் பாட்டு கூடாது; அழைப்பிதழில் அதை 'இண்டி இசை' என்று போட்டிருந்தார்கள். எந்தக் குழுவின் இசை அசல் என்று பார்த்துப் பரிசு. முதன்மை நடுவர் நான். பரிசளிப்பு முடிந்ததும் அதே மேடையில் புதிய தலைவரின் பெயரை அறிவிப்பார்கள். என் காதுக்கு வைத்த தேர்வு அது என்பது எல்லோருக்கும் தெரியும். நானும் தெரியாததுபோல் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு சிறு குறை புலப்பட்டது. இண்டி இசை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் கார்த்திக்கைத் தொலைபேசியில் அழைத்து, பொது அறிவுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"படத்துக்குன்னு போடாம, பெரிய கம்பெனி எதுவும் பின்னாடி இல்லாம, அவங்களே எழுதி, அவங்களே ரெக்கார்ட் பண்றதுப்பா. சில பேரு பெட்ரூம்லயே பண்றாங்க."

"படுக்கை அறையிலா?"

"ஆமாம்பா. லிங்க் அனுப்பறேன், கேளுங்க. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, அம்மா பாவம்."

அவன் அனுப்பியவற்றை ஓர் அதிகாரியின் ஒழுங்கோடு கேட்டேன். காலை நடை, குளியல், சிற்றுண்டி, பிறகு இசை. முதலில் கேட்ட பாடல்கள் பளபளவென்று இருந்தன. ஓர் இடத்திலும் பிசிறு இல்லை. எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை வரவில்லை. மழமழவென்று ஒரே சீராக இருக்கும் ஒன்றைத் தோல் மேசையில் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். அது ரெக்சினாக, அதாவது செயற்கைத் தோலாக இருக்கும். மாடு முள்வேலியில் உரசியிருக்கும், உண்ணி கடித்திருக்கும், வெயிலில் அலைந்திருக்கும். உயிரோடு திரிந்த ஒன்றின் தோலில் அந்தத் தழும்பெல்லாம் இருந்தே தீரும்.

பிறகு ஒரு குழுவின் பாட்டு வந்தது. ஒரு பெண், ஒரு கிதார், அவ்வளவுதான். நடுவே குக்கர் விசில் அடித்தது. நான் கண்ணை மூடியபடியே குரல் கொடுத்தேன்.

"ராஜேஸ்வரி! அடுப்பை அணை!"

மறுபடி விசில். மறுபடி கத்தினேன். என் மனைவி ஈரக்கையோடு வந்து என் காதிலிருந்ததைப் பிடுங்கினாள்.

"இன்னாங்க இது, அடுப்பே பத்த வெக்கல! எந்த அடுப்பை அணைக்கச் சொல்றீங்க? தெருவே எட்டிப் பாக்குது."

விசில் பாட்டுக்குள் இருந்தது. பாடும்போது பக்கத்து வீட்டில் அடித்ததை அந்தப் பெண் வெட்டி எறியாமல் விட்டிருக்கிறாள். அதற்கடுத்த வரியை அந்த விசிலின் சுருதியிலேயே எடுத்திருக்கிறாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுதான் தழும்பு! இந்தப் பாட்டை வேறு எந்த வீட்டிலும் பாடியிருக்க முடியாது. எது அசல் என்பதற்கு என் தொழிலே விடை வைத்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்த இசை உண்மையாகவே பிடித்துப்போயிற்று. நானே தேடிப்பிடித்த குழுக்களின் பெயர்களை நடைப்பயிற்சி நண்பர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். (அவர்கள் வேறு பாதையில் நடக்க ஆரம்பித்தார்கள்.)

நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு, சாப்பாட்டு மேசையில் ராஜேஸ்வரி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த ஷபானா பொண்ணு இருக்கில்ல, பாட்டுக் குழு வெச்சிருக்குதே, அது நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போச்சு. உங்களப் பத்தி..."

நான் கையை உயர்த்தித் தடுத்தேன்.

"போட்டியில் கலந்துகொள்பவர்களைப் பற்றி நடுவரின் காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது. நடுவரின் மனைவியிடமிருந்து விழவே கூடாது."

"அது இல்லீங்க, நல்ல விஷயந்தான்..."

"ராஜேஸ்வரி."

"சரி, உங்க இஷ்டம்," என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள். என் நேர்மையை எண்ணி எனக்கே அப்போது ஒரு நிறைவு ஏற்பட்டது. இன்று ரசம் ஊற்றும்போதெல்லாம் அந்த நிறைவுதான் நினைவுக்கு வருகிறது.

நிகழ்ச்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பாதிக்கு மேல் எங்கள் தொழிற்சாலை ஆட்கள். பிள்ளைகள் பாடுகிறார்கள் என்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். முன்வரிசையில் ராஜேஸ்வரி. அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளித் தணிகாசலம், நன்றாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு நான் எழுந்து மதிப்புரை சொல்லவேண்டும். முதல் குழு ஜோலார்பேட்டை இளைஞர்கள். அருமையாக வாசித்தார்கள். ஆனால் அந்த இசையை உலகத்தில் எந்த ஊரிலும் வாசித்திருக்கலாம். "தம்பிகளே, இது உயர்ந்த ரெக்சின்," என்றேன். மண்டபம் சிரித்தது. தழும்புக் கொள்கையை விளக்கினேன். கைதட்டினார்கள். இரண்டாவது குழுவின் கிதார்க் கம்பி நடுவே அறுந்துபோக, அந்தப் பையன் நிறுத்தாமல் மரக்கட்டையைத் தட்டியே பாட்டை முடித்தான். அவனுக்குத் தோலென்று சான்றிதழ் கொடுத்தேன். தணிகாசலத்தின் கால் கீழே இறங்கியது. தலைவர் நாற்காலி எனக்குத்தான் என்று மன்றச் செயலாளர் கண்ணாலேயே சொன்னார்.

கடைசியாக ஷபானாவின் குழு வந்தது. பெயர் 'எட்டாம் டிரம்'. தோல் பதனிடும் இடத்தில் அறை உயரத்துக்கு மர உருளைகள் சுற்றும். உள்ளே தண்ணீரும் தோலும் ஏறி ஏறித் தொப்பென்று விழும். அவற்றைத்தான் டிரம் என்போம். பாட்டு அந்தச் சத்தத்திலேயே தொடங்கியது. பதிவு செய்து கொண்டுவந்திருந்தார்கள். தொப்... சளக்... தொப். பின்வரிசையில் யாரோ "டேய், நம்ம டிரம்மு டா!" என்று கூவினார்கள். அதன்மேல் கிதார் ஏறியது, ஷபானாவின் குரல் ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயுளெல்லாம் நான் கேட்டும் கேளாமல் விட்ட சத்தம் ஒரு தாளமாக இருந்திருக்கிறது.

அப்போதுதான் பாட்டின் நடுவில் ஒரு கிழவரின் குரல் வந்தது. கொஞ்சம் இழுத்து, எதிரொலி சேர்த்திருந்தார்கள்.

"ஒண்ணாம் தரம்... உண்ணிக் கடி, ரெண்டாம் தரம்... முள்ளுக் கீறல், மூணு... இது தோலா? இது தோலா? தூக்கிப் போடு!"

'தூக்கிப் போடு' வரும்போதெல்லாம் மண்டபமே சேர்ந்து கத்தியது. ஆனால் என் முகம் சுருங்கிவிட்டது. குரலில் அப்படி ஓர் அகம்பாவம். ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவதுபோல் ஓர் உச்சரிப்பு. பாட்டு முடிந்ததும் எழுந்தேன்.

"இந்த டிரம் ஓசை அசல். நூற்றுக்கு நூறு தோல்," என்றேன். கைதட்டல் அடங்கக் காத்திருந்தேன். "ஆனால் நடுவில் வருகிற அந்தக் குரல் ரெக்சின்."

மண்டபம் சட்டென்று அமைதியானது. ஆழ்ந்த கருத்துக்குக் கிடைக்கும் அமைதி என்று எண்ணிக்கொண்டேன்.

"யாரோ சென்னை நாடக நடிகரை வைத்துப் பேச வைத்திருக்கிறீர்கள். தரம் பிரிப்பவர்கள் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். அந்த மேசையில் நின்றவன் சொல்கிறேன்."

முன்வரிசையில் ராஜேஸ்வரி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக் குடித்தேன். அவள் தலையைப் பலமாக ஆட்டி, விரலால் என்னைச் சுட்டினாள். 'நீங்கள்தான், விடாதீர்கள்' என்று ஊக்குவிப்பதாகப் பொருள் கொண்டேன். விடவில்லை.

"இவ்வளவு தற்பெருமை பிடித்த குரலை நான் ஆம்பூரில் கேட்டதே இல்லை. வீட்டில் இவரை எப்படித்தான் சகித்துக்கொள்கிறார்களோ! இந்தக் குரலை நீக்கிவிட்டால் முதல் பரிசு உங்களுக்கு."

ஷபானா மைக்கைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள்.

"அங்கிள்... அது நீங்கதான் அங்கிள்."

"என்னம்மா?"

"உங்க ரிட்டயர்மென்ட் அன்னிக்கு, கடைசியா டேபிள்ல நின்னு தரம் சொன்னீங்கல்ல, அந்த வீடியோ. ஆன்ட்டிதான் குடுத்தாங்க."

அந்த வீடியோவை நான் பார்த்ததில்லை. தன் பெருமையைத் தானே உட்கார்ந்து பார்ப்பது அழகல்ல என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ராஜேஸ்வரியைப் பார்த்தேன். அவள் இருக்கையிலிருந்தே உரக்கச் சொன்னாள்:

"சொல்ல வந்தேன், நீங்கதான் காதுல விழக்கூடாதுன்னீங்க!"

பிறகு எழுந்த சிரிப்பை நான் வருணிக்கப் போவதில்லை. பாட்டிலிருந்த குக்கரை வீட்டுக் குக்கர் என்று நம்பியவன், வீட்டிலிருந்த குரலை வெளியூர்க் குரல் என்று நம்பிவிட்டேன். தணிகாசலம் எழுந்து, மிகுந்த பணிவோடு ஓர் ஐயம் கேட்டார்.

"நடுவர் தீர்ப்புக்கு அப்பீல் இல்ல. ஆனா ஒண்ணே ஒண்ணு தெரியணும். இப்ப நம்ம துணைத் தலைவர் தோலா, ரெக்சினா?"

"தூக்கிப் போடு!" என்றது பின்வரிசை.

ஷபானா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த வாய்ஸ எடுத்துட்டா பாட்டே இல்ல அங்கிள்," என்றாள். "ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஒங்கள மாதிரி பேசிக் காட்டுவாங்க. எங்க வாப்பா தெனம் வீட்ல பேசிக் காட்டுவாரு. அதான் பாட்டா போட்டோம்."

ஊரே என்னைப்போல் பேசிக் காட்டுகிறது என்பது எனக்கு அந்த மேடையில்தான் தெரிந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த அகம்பாவம் எந்த நடிகருக்கும் வராது. என் கொள்கைப்படி அதுதான் அந்தப் பாட்டின் தழும்பு. வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டால் அந்தக் குழு பரிசை இழக்கும். தவறான தரத்தைப் போட்டவனே தன் சாக்பீஸால் அடித்துத் திருத்தவேண்டும் என்பது எங்கள் மேசையின் விதி. மைக்கை இழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இயன்ற அளவு கண்ணியத்தோடு சொன்னேன்:

"தரம்... திருத்தப்படுகிறது. ஒண்ணாம் தரம்."

என் வாயிலிருந்து வந்ததும் பாட்டில் வந்ததும் ஒரே இழுப்பு, ஒரே உச்சரிப்பு. இம்முறை எனக்கே கேட்டது. அந்த நொடியிலேயே குழுவின் தாளக்காரப் பையன் தொப், சளக் என்று ஆரம்பித்துவிட்டான். மண்டபம் எழுந்து நின்றது. நான் படியிறங்கி நடந்தேன். என் நடைக்கும் அவனே தாளம் போட்டான்.

எட்டாம் டிரம் குழுவுக்கு முதல் பரிசு கிடைத்தது. தணிகாசலம் தலைவரானார். நான் துணைத் தலைவனாகவே தொடர்கிறேன், மின்விசிறிக்குக் கீழே. இணையத்தில் இப்போது உலவும் அந்தப் பாட்டின் முடிவில் 'தரம் திருத்தப்படுகிறது' என்ற வரியும் சேர்ந்திருக்கிறது. சாம்பாரில் உப்பு கம்மி என்று நான் வாய் திறந்தால் போதும், ராஜேஸ்வரி கரண்டியோடு அப்படியே நின்று, "யாரோ சென்னை நடிகர் பேசுற மாதிரி இருக்குதே," என்பாள். கார்த்திக் தொலைபேசியை எடுத்ததும், "அப்பாவா, ரெக்கார்டிங்கா?" என்கிறான். பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. நான் அன்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மண்டபத்தின் பின்வாசல் வழியாக ஓடினேன் என்று தணிகாசலம் இன்றும் சொல்லித் திரிகிறார். அந்த மண்டபத்துக்குப் பின்வாசலே கிடையாது. நான் முன்வாசல் வழியாகத்தான் ஓடினேன்.