ஆணியில் தொங்கிய சீட்டு

தன் கண்ணை எந்த டாக்டரிடமும் காட்டுவதில்லை என்று நூருல் அமீன் முடிவெடுத்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமும் கண் சிவந்தே இருந்தது. காலையில் இமைக்குள் மணலை வாரிப் போட்டதுபோல் அறுக்கும். மாலையில் எரியும். எதிர்க்காற்று பட்டால் தண்ணீராய்க் கொட்டும். கொட்டிய பின்னும் காய்ந்தே கிடக்கும்.

முடிவுக்குக் காரணம் இருந்தது. அவர் கடலூரில் ஜெயப்பிரகாஷின் வாடகைக் காரை ஓட்டுகிறவர். டாக்டர் பார்த்தால், இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார். ஐம்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங்கை விட்ட கை, பிறகு எதைப் பிடிக்கும்?

சாவு வீட்டுச் சவாரிகளில் அந்தக் கண்ணுக்கு மரியாதை கிடைத்தது. "டிரைவர் பாயே அழுதிருக்காரு பாரு" என்பார்கள். கல்யாணச் சவாரியில் நிலைமை வேறு. திருவந்திபுரம் போகும் வழியில், பெண்ணின் அப்பா சபாபதி கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். பொண்ணு உக்காந்துருக்கு."

எல்லோரும் வேறு வண்டிக்கு மாறினார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத மனிதர், காலி வண்டியோடு கெடிலம் பாலத்தோரம் நின்றார். அழலாம் போலிருந்தது. அதற்கும் கண்ணில் ஈரமில்லை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லாத விஷயமும் மனைவி சைதுன் பீவியின் காதுக்கு எட்டியிருக்கும் என்று அவர் யோசித்ததும் இல்லை. அடுத்த வாரம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"மச்சான், எனக்குக் கண்ணு எரியுது. சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். கூட்டிட்டுப் போங்க."

"கடலூர்ல டாக்டரே இல்லியா?"

"இங்க போனா ஒங்க ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"ஒனக்குக் கண்ணு எரிஞ்சா ஸ்டாண்டுக்கு என்ன?"

"அதான. கெளம்புங்க."

அவர் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவளே பெயர் கொடுத்து டோக்கன் வாங்கிவிட்டாள். உள்ளே போனதும் பின்வாங்கினாள்.

"மெஷினப் பாத்தாலே பயமா இருக்கு."

"அம்மா பயப்படுறாங்க. நீங்க மொதல்ல உக்காந்து காட்டுங்க பாய்" என்றார் டாக்டரம்மா.

நூருல் அமீன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். முகவாயை வைத்தார். வெளிச்சத்தைத் தாங்கினார். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகியபோதும் அசையவில்லை. "பாத்தியா புள்ள, ஒண்ணுமே இல்ல" என்றார், காகிதம் தொங்கத் தொங்க. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தபோது, கண்ணீரில் நனைந்திருக்க வேண்டிய காகிதம் ஏறக்குறையக் காய்ந்தே இருந்தது. டாக்டரம்மா சைதுன் பீவியைப் பார்த்தார். சைதுன் பீவி டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவருக்கோ தன் தைரியத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

"நீங்க போய் வண்டிய எடுங்க பாய். மீதிய அம்மாகிட்டப் பேசிக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் மருந்துச் சீட்டைக் கதவுக்குப் பின்னால், கார் சாவி மாட்டும் ஆணியில் குத்திவிட்டாள். அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். எழுத்தெல்லாம் புகையாய்க் கலைந்தது. விட்டுவிட்டார்.

அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. டாக்டர் வேண்டாம், மருந்து மட்டும் போதும். அவளுக்கும் எரிச்சல், தனக்கும் எரிச்சல். விடிகாலை ஃபஜ்ரு தொழுதுவிட்டு, அவள் அடுப்படியில் இருக்கும்போது, அலமாரியிலிருந்த சொட்டு மருந்தை எடுத்துக் கண்ணுக்கு ஒரு துளி விட்டார். அறுத்துக்கொண்டிருந்த மணல் மெல்ல அடங்கியது.

திட்டத்துக்கு அவளே வழியும் செய்து கொடுத்தாள்.

"இன்னொரு பாட்டில் வண்டியில கெடக்கட்டும் மச்சான். வெளிய வந்தா ஒதவும்."

அவள் வெளியே வரவேயில்லை. ஆனால் தினமும் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் போன் வரும். "நான் மருந்து போட்டுக்கிட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?" போனை வைத்த கையோடு அவரும் திருட்டுத்தனமாக ஒரு சொட்டு விட்டுக்கொள்வார். இரவில் அவள் தூங்கிய பிறகு இன்னொன்று. மாலையில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து வருவாள். "ஒத்தடம் குடுக்கச் சொல்லிருக்காங்க. சூடு ஜாஸ்தியான்னு ஒங்க கண்ணுல வச்சிப் பாக்குறேன்." பத்து நிமிடம் பார்ப்பாள்.

இரண்டு மாதத்தில் சிவப்பு வடிந்தது. சவாரிக்கு ஏறுகிறவர்கள் அவர் கண்ணைப் பார்த்தே பேசினார்கள். ஆனால் மனம் கலங்கிக்கொண்டே வந்தது. பாட்டில் சீக்கிரம் தீரும்போதெல்லாம், "இந்த மருந்து ஆவியாப் போவுது போல" என்று சொல்லிப் புதிது வாங்கினாள் அவள். கட்டிய மனைவியின் கண்ணில் விழ வேண்டிய துளி. அது ஹராம் இல்லாமல் வேறென்ன?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"சைதுன், ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒன் மருந்தத் திருடிப் போட்டுக்கிட்டேன். நாலு வேளையும். மாப்பு குடுத்துரு."

அவள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டலாம்ல?"

"காட்டுனா வண்டி ஓட்டக்கூடாதுன்னுருவாங்க புள்ள. அந்த பயம் ஒனக்குத் தெரியாது."

"ஆணியில சீட்டு இருக்கு. போய்ப் படிங்க."

போனார். இந்த முறை எழுத்துகள் கலையாமல் வரிசையாக நின்றன. நூருல் அமீன். ஆண். வயது 58. கண் வறட்சி. அடியில் ஒரு வரி: வண்டி ஓட்டலாம், ஏசி காற்று முகத்தில் படக்கூடாது.

அதை இரண்டு முறை படித்தார். கண் நிறைந்தது, இந்த முறை காற்றில்லாமல்.

"ரெண்டு மாசமா இது இங்கியேவா இருந்துச்சு?"

"தெனம் சாவிய அது மேலதான மாட்டுறீங்க" என்றாள் சைதுன் பீவி. "திங்கக்கிழம மறுபடி வரச் சொல்லிருக்காங்க. எனக்கு மெஷின்னா இன்னும் பயந்தான் மச்சான்."