நாராயணசாமி படுக்கவைத்த பேட்டரி

சனிக்கிழமை மத்தியானம் நாராயணசாமி ஒரு வீரமான முடிவெடுத்தார். தன் காரைத் தானே கொல்வது.

முழுசாகக் கொல்ல வேண்டாம். ஒருநாள் மட்டும் மயக்கம் போட்டுக் கிடந்தால் போதும்.

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்புக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்க, முதல்முதலில் கரெண்டு கார் வாங்கியவர் அவர்தான். வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கல்யாணப் பந்தியில் மனைவி அம்சவள்ளியின் தம்பி வீரமுத்துவைப் பார்த்ததும் வாய் நீண்டுவிட்டது. வீரமுத்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறவன். கடைக்குச் சரக்கு ஏற்ற ஒரு பழைய ஜீப்பு உண்டு.

"உன் ஜீப்பு மலை ஏறும்போது பல்வலிக்காரன் மாதிரி முனவுது மச்சான். என் வண்டி ஏறினா பூன நடக்கற மாதிரி இருக்கும்."

பாயசத்துக்குக் காத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வீரமுத்துவும் சிரித்தான்.

"அதுக்கின்னா மாமா, ஞாயித்துக்கிழம என் பேத்திக்குக் காதுகுத்து. பூனைய ஓட்டிக்கினு வாங்க. நடுவுல நின்னுட்டா கவலப்படாதீங்க, கயிறு கட்டி இழுக்க நான் இருக்கேன்."

அந்தக் கயிறுதான் நாராயணசாமியின் தூக்கத்தைக் கெடுத்தது. போதாக்குறைக்கு டீக்கடையில் யாரோ, "மலை ஏறினா சார்ஜு தண்ணியா வடியும்ணே" என்று கொளுத்திப் போட்டான். கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஜீப்பு, நடுவில் கயிறு, பின்னால் தான். சுற்றிலும் மாமியார் வீட்டு ஜனம் செல்போனில் படமெடுக்கிறது. நினைத்தாலே வேர்த்தது.

வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். கல்யாணமான நாளாக அந்த வார்த்தையை அம்சவள்ளியிடம் சொல்லிப் பார்க்கிறார். தொண்டைக்கு மேலே ஏறுவதில்லை.

கரெண்டு காரில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டியை ஓட்டுவது அடியில் இருக்கும் பெரிய பேட்டரி. ஆனால் அதைத் தட்டி எழுப்புவது பானெட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி, வெறும் பன்னெண்டு வோல்ட்டு. சின்னது படுத்துவிட்டால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் பிரயோஜனமில்லை. போன மாசம் காருக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டே தூங்கிப்போய், இந்தப் பாடத்தைப் படித்திருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் வந்து எழுப்பிவிட்டுப் போனார். அந்த மெக்கானிக்குக்கு மோர் கொடுக்க வந்த அம்சவள்ளி, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள். அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பார்க்கிங் விளக்கு, உள் விளக்கு எல்லாவற்றையும் எரியவிட்டுக் காரைப் பூட்டினார். மேலே தார்ப்பாயை இழுத்து மூடினார். அடிக்கிற வெயிலில் யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்சவள்ளி சாமி கும்பிட்டு, பட்டுப்புடவை கட்டி, சீர்ப் பையோடு வாசலுக்கு வந்தாள். நாராயணசாமி தார்ப்பாயை உருவிவிட்டு ரிமோட்டை அமுக்கினார். கார் கப்சிப். மனசுக்குள் மேளம் கொட்டியது. முகத்தில் எழவு வீட்டை வரவழைத்துக்கொண்டார்.

"ஐயய்யோ அம்சா! போயிட்டுது!"

"யாருங்க?"

"காருடி! ரிமோட்டு வேல செய்யல. கதவே தொறக்கல. உள்ளயே போவ முடியாதே, இன்னா பண்றது?"

அவள் ரிமோட்டை வாங்கினாள். ஓரத்தை நகத்தால் தள்ளி, உள்ளேயிருந்து ஒரு குட்டிச் சாவியை உருவினாள். கதவு திறந்தது.

"தொறந்து இன்னா ஆவப்போவுது? உள்ள பொட்டு வெளிச்சம் இல்ல பாரு. சின்ன பேட்டரி காலி. நீ பஸ்ல போய்ட்டு வா. நான் வண்டிக்குக் காவலா வூட்ல இருக்கேன்."

"நகராத வண்டிய எவங்க தூக்கிக்கினு போவப்போறான்?"

அதற்குள் தடதடவென்று சத்தம். அவர்கள் வீட்டு டிராக்டரை ஓட்டும் இருசப்பன் வந்து, காரின் மூக்கோடு மூக்காக நிறுத்தினான்.

"இவன் இன்னாத்துக்கு வந்தான்?"

"நான்தான் வரச் சொன்னேன். இருசப்பா, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு பேட்டரி மூடியக் கழட்டுப்பா."

நாராயணசாமி பதறிப்போய்க் குறுக்கே நின்றார். "அடியே, அது டீசல் வண்டி. இது கரெண்டு வண்டி. இந்தச் சம்பந்தம் சரிப்படாது!"

"அதுவும் பன்னெண்டு வோல்ட்டு, இதுவும் பன்னெண்டு வோல்ட்டு. பொருத்தமெல்லாம் பாத்தாச்சுங்க."

"ராகுகாலம்டி! ராகுகாலத்துல ஒயரத் தொடலாமா?"

போயும் போயும் யாரிடம்!

"ஞாயித்துக்கிழம ராகுகாலம் சாயங்காலம் நாலரைக்குங்க. தள்ளி நில்லுங்க."

சீர்ப் பைக்குள் கைவிட்டாள். வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் அடியிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஜம்பர் ஒயர் வந்தது. காதுகுத்துக்கு இதுவும் ஒரு சீரா என்று நாராயணசாமி விழித்தார். பானெட்டைத் தூக்கி, சிவப்பை இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டினாள். கறுப்புக்கு டிராக்டரின் மைனஸில் ஒரு முனை, காரின் வெறும் இரும்பில் ஒரு முனை. முருகா என்று ஒரு கும்பிடு போட்டாள்.

"பிரேக்க மிதிச்சிக்கினு பட்டன அமுக்குங்க."

அமுக்கினார். திரை முழுக்க வெளிச்சம். 'ரெடி' என்று எழுத்து வந்தது. இவர்தான் ரெடியாக இல்லை.

அவள் ஒயரைக் கழற்றிப் பானெட்டை மூடினாள். "இனிமே வழியில ஆஃப் பண்ணாதீங்க. பெருசு சின்னதுக்கு ஊட்டிக்கினே வரும். கெளம்புங்க."

சங்கராபுரம் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நாராயணசாமி பாதையைப் பாதியும் சார்ஜைப் பாதியும் பார்த்தார். அது இறங்க இறங்க இவருக்கு நாக்கு வறண்டது. அம்சவள்ளி கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி ஏற்றம் முடிந்து வெள்ளிமலை தெரிந்தபோது, சார்ஜ் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

வீரமுத்து வாசலில் கயிற்றுச் சுருளோடு தயாராக நின்றான். சத்தமே இல்லாமல் கார் பக்கத்தில் வந்து நிற்கவும், துள்ளிக் குதித்துக் கயிற்றைக் கீழே போட்டான்.

"மாமா! நெசமாவே பூனதான்!"

நாராயணசாமிக்கு மார்பு விரிந்தது. சொந்தக்காரர்கள் கூடியதும் வாயும் விரிந்தது.

"இதுல இன்னா மச்சான் கீது? காலையில திடீர்னு சின்ன பேட்டரி படுத்துட்டுது. வேற ஒருத்தனா இருந்தா இடிஞ்சி உக்காந்திருப்பான். நான் அசரல. டிராக்டரக் கொண்டாரச் சொல்லி, செகப்ப பிளஸ்ல குடுத்து, ஒரே தட்டு. எழுந்துக்கிச்சு!"

"திடீர்னா?" வீரமுத்து தலையைச் சொறிந்தான். "காலையில பேட்டரி படுத்துரும், எழுப்பிக்கினு வர கொஞ்சம் லேட்டாவும்னு அக்கா நேத்து சாயங்காலமே போன் பண்ணிச்சே மாமா?"

கூட்டம் நாராயணசாமியைப் பார்த்தது. அவர் அம்சவள்ளியைப் பார்த்தார். அவள் சீர்த்தட்டில் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு வெளக்கு வெக்கப் போனேங்க. தார்ப்பாய்க்குள்ள இன்னொரு வெளக்கு எரிஞ்சிக்கினு இருந்துது."

"பாத்தவ அணைச்சிருக்கலாம் இல்ல?" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

"அணைச்சிருந்தா நீங்க வேற எதையாவது கெடுத்து வெச்சிருப்பீங்க. இதுன்னா எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியும்."