நின்ற வண்டியில் மலையேறிய கதை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் கொழுந்தியாள் வணக்கத்துடன் எழுதுவது. வேலைக்காகப் போன ஊரில் உங்கள் உடம்பும் மெஸ் சாப்பாடும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகின்றன என்று நம்புகிறேன். இங்கே இளையவனின் வயிறு நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். வயிற்றைப் பற்றிப் பின்னால் வருகிறது.

போன வாரம் நீங்கள் போன் செய்து, "சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் மலைக்கெல்லாம் வேணாம்மா" என்றபோது நான் "சரிங்க மாமா" என்றேன். அதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டதாக அக்கா சொன்னாள். மாமா, நீங்கள் இந்த வீட்டு மாப்பிள்ளையான நாளிலிருந்து உங்களிடம் நான் பேசியிருப்பதே அந்த ஒரு வார்த்தைதான். "பரீட்சை எப்படி எழுதியிருக்கே?" என்று நீங்கள் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். வாய்க்கு வராதது பேனாவுக்கு வருகிறது. சரி இல்லைங்க மாமா. நாங்கள் போகத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் நான் வேலையில் சேர்ந்துவிட்டால் ஒரு வருஷம் லீவு கிடையாது, அதற்குள் எல்லோருமாக ஒரு தடவை எங்கேயாவது போய்வர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "இந்த வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சவ நீ ஒருத்திதான், நீயே ஒரு வழி பாரு" என்றாள். வழி பாரு என்றால் நான் வேறு என்ன செய்வேன்? மேப்பை விரித்துவிட்டேன். ஏரிக்கரை, அருவி, மேகம் ரோட்டில் இறங்கி நடக்கிற இடம் எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டேன். எது அழகான பாதை என்று அப்பாவைக் கேட்டேன். அந்த மலையில் பாதி ஆயுள் லாரி ஓட்டியவர் ஆயிற்றே. "அழகுன்னா? பள்ளம் இல்லாம இருக்கிறதைச் சொல்றியா?" "இல்லப்பா, பார்க்கிறதுக்கு என்ன இருக்கும்?" "முன்னாடி போற வண்டியோட முதுகு இருக்கும்." "அருவிப்பா?" "அதுவா! முதல் தடவை சத்தம் கேட்டப்ப ரேடியேட்டர் ஒழுகுதுன்னு இறங்கிப் பார்த்தேன்."

சரி, கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையே என்று முடிவு செய்து சாப்பிடும்போது அறிவித்தேன். வந்தது வினை. எல்லோரையும் குத்திக்கொண்டே இருக்கிறான் என்று உங்கள் மகனுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தவர் நீங்கள். "என் பேர்ல ரோடா சித்தி?" என்று எழுந்து நின்றுவிட்டான். "குண்டூசி இல்லடா, கொண்டை ஊசி." "அது யாரு, எனக்கு அண்ணனா?" விளக்கிச் சொன்னேன். விளக்கியது அதைவிடத் தப்பு. "ஊசி கழண்டுட்டா மலை அவுந்து விழுந்துடும்ல?" என்று, வளைவுக்கு ஒன்றாகக் குத்திவைக்க அக்காவின் கொண்டை ஊசிகளை எல்லாம் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டான். அக்கா இப்போது பென்சிலைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

பத்துப் பேர் என்று எழுதியிருக்கும் லிஃப்டைச் சரி பண்ணிவிட்டு, ஆறு பேரோடு கதவைச் சாத்துகிறவர் நீங்கள். உங்கள் பயம் நியாயம்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை வைத்தேன். அப்பாவின் சிநேகிதர் மெக்கானிக் தருகிற வேனை வீட்டு வாசலில் நிறுத்தி, எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். சாவி போடவில்லை, ஒரு அடி நகரவில்லை. அதற்குள், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நாம் வக்கீல் என்று கூப்பிடும் உங்கள் மகள், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள். "கிளம்பவே இல்லடி." "கிளம்பாததுக்கே இவ்வளவு நேரமா?" அம்மா வழிக்கு வைத்திருந்த பிஸ்கட்டை அங்கேயே பிரித்துவிட்டாள், அக்கா ஜன்னலோர சீட்டுக்கு மகளோடு மல்லுக்கு நின்றாள், அப்பா பழக்கதோஷத்தில் ஹார்ன் அடிக்க, எதிர்வீட்டு டைலர் கழுத்து டேப்போடு ஓடிவந்து, "எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார். "எங்கேயும் போகலைங்க." "அப்ப எனக்கும் ஒரு இடம் போடுங்க" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் மேப்பைப் பார்த்து, "இதோ முதல் வளைவு, எல்லாரும் இடப்பக்கம் சாயுங்க" என்றேன். சாய்ந்தார்கள். "அடுத்தது வலப்பக்கம்." சாய்ந்தார்கள். மூணாவது வளைவுல நம்ம குண்டூசி டைலர் மடியிலயே வாந்தி எடுத்துட்டான் மாமா! நிக்கிற வண்டியில! அப்பா திரும்பிப் பார்த்து, "நல்லாத்தான் வழி சொல்றே புள்ள, எனக்கே தலை சுத்துது" என்றார். பட்டம் வாங்கின அன்றைக்குக்கூட அப்பா என்னை இப்படிப் பார்த்ததில்லை.

ஆகவே வரவேண்டியது வந்து போய்விட்டது. இனி அவனை நடு சீட்டில் நேராகப் பார்க்க வைப்போம், சாப்பாட்டைக் குறைப்போம். எங்கெங்கே இறங்கலாம் என்பதையும் குறித்துவிட்டேன். ராத்திரிப் பயணம் கிடையாது. எனக்குத் தூக்கமே வரவில்லை மாமா, கண்ணை மூடினால் மேகம்தான் தெரிகிறது. தயவுசெய்து ஒரு வார்த்தை, போகட்டும் என்று எழுதுங்கள்.

அப்பா அம்மாவின் ஆசிகளும், பென்சிலோடு நிற்கும் அக்காவின் அன்பும், பிள்ளைகளின் முத்தங்களும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன.

பணிவுடன்,
உங்கள் கொழுந்தியாள்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை வக்கீலிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "அப்பா எந்த சீட்டு?" என்று கேட்டாள். "அப்பாவுக்கு லீவு இல்லடி." கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "மலை எங்கயும் போகாது சித்தி. அப்பாதான் போயிட்டுப் போயிட்டு வர்றாரு. நானும் தம்பியும் அப்பாகிட்ட இருந்துக்கிறோம், நீங்க போயிட்டு வாங்க." குண்டூசி தன் பையைத் தோளில் மாட்டியே விட்டான். எனவே மேலே கேட்ட அனுமதி இனி வேண்டாம். சனிக்கிழமை காலை உங்கள் அறை வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு நாங்கள் மலைக்குப் போகிறோம். அக்காவும்தான். பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள். நாலு நாள் லீவு சொல்லி வையுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலைக்கு வேண்டாம் என்ற உங்கள் சொல்லை நாங்கள் தட்டவே இல்லை, மாமா.