ரிப்பேர் சங்கத்துக்கு ஏழு பேர்

"இது சங்கம் இல்லைங்க, குடும்ப போட்டோ!" என்றார் வக்கீல்.

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போயிற்று. சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கொண்ட கமிட்டி வேண்டும் என்றார்கள். அவரோ தன்னையும் சேர்த்து மனைவி, மச்சான், மச்சான் மனைவி, இரண்டு தம்பிகள், சித்தப்பா என்று கச்சிதமாக ஏழு பேரைப் பிடித்திருந்தார்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள்தான். பாக்கி ஆறு பேரை வெளியில பாருங்க. பதிவு ஆகலேன்னா நிதியும் வராது."

நிதி வராவிட்டால் ரிப்பேர் கொட்டகையை மூட வேண்டியதுதான். தெருவில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும், இஸ்திரிப்பெட்டி சூடாகாவிட்டாலும் வந்து சேரும் இடம் அது. மெக்கானிக் நாள் முழுக்க அங்கேயே கிடப்பார், யாரிடமும் காசு வாங்க மாட்டார். வீடு ஓடுவது மனைவியின் தையல் மெஷினில். பதிவு செய்த சங்கமாக வந்தால் உதவுகிறோம் என்று ஓர் அறக்கட்டளை சொன்னதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகை வாசலில் 'தலைவர்' என்று தன் பெயரைப் பார்க்க அவருக்குக் கொள்ளை ஆசை.

வீட்டுக்கு வந்து, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். "உன் பேரை எடுக்கணுமாம்..."

"தாராளமா எடுங்க."

"கோபமா?"

"எனக்கென்ன கோபம்? நானே வக்கீலைப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன். நீங்க போய் ஆளைப் பிடிங்க."

மறுநாள் ஆள் பிடிக்கக் கிளம்பினார். எதிர்வீட்டு சலூன்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வரேண்ணே. ஆனா செயலாளர் பதவி குடுத்தாத்தான்."

கொடுத்தார். பேக்கரிக்காரர் பொருளாளர் ஆனார். மருந்துக்கடைக்காரர் துணைத் தலைவர். இஸ்திரிக்கடைக்காரர் துணைச் செயலாளர். பால்காரர் மட்டும் சும்மா இருப்பாரா?

"வெறும் உறுப்பினர்னா எங்க வீட்டு நாய்கூட மதிக்காதுங்க!"

அவருக்காகவே 'அமைப்பாளர்' என்று ஒரு பதவி புதிதாக முளைத்தது. இன்னும் ஒரே ஓர் ஆள் வேண்டும். கடைசி வீட்டு டீச்சரைத் தவிர தெருவில் மற்ற எல்லாரும் இவர்களில் யாருக்காவது சொந்தம்.

"தலைவர் பதவின்னா வரேன். இல்லேன்னா நடையைக் கட்டுங்க," என்றார் டீச்சர்.

வாசலில் பார்க்க ஆசைப்பட்ட பெயரை மெக்கானிக் மனசுக்குள்ளேயே அழித்துக்கொண்டார். தலைவர் பதவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, 'வெறும் உறுப்பினர்' என்று தன் பெயரை எழுதிக்கொண்டார். தொலையட்டும், உட்கார ஒரு நாற்காலியாவது மிஞ்சியதே!

அதற்கும் வந்தது ஆபத்து. சங்கத்தின் முகவரிக்கு, பக்கத்துத் தெருவில் இருக்கும் கொட்டகைச் சொந்தக்காரர் சம்மதம் தர வேண்டும்.

"தரேனே! கமிட்டியில என்னையும் சேர்த்துக்கிட்டா..."

வக்கீலிடம் ஓடினார். "எட்டாவது ஆளைச் சேர்க்கலாமா?"

"சேர்க்கலாம். ஏழு பேர்னு எழுதியிருக்கற விதிமுறையை மாத்தி, எல்லார்கிட்டயும் மறுபடி கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

மறுபடியுமா! பால்காரர் இந்தத் தடவை என்ன பதவி கேட்பாரோ? மெக்கானிக் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்து, அந்த இடத்தில் கொட்டகைச் சொந்தக்காரர் பெயரை எழுதினார். கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவியோ பாட்டை முணுமுணுத்தபடி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் பதிவு முடிந்து நிதியும் வந்தது. முதல் கூட்டத்துக்கு நாற்காலிகளின் ஆட்டத்தைச் சரிசெய்து, துடைத்துப் போட்டவர் மெக்கானிக்தான். ஓரமாக உட்காரப் போனார்.

"கமிட்டிக் கூட்டத்துல வெளியாளுங்க உட்காரக் கூடாது," என்றார் டீச்சர்.

வெளியாள்! வாசற்படியில் போய் உட்கார்ந்தார். உள்ளே சிரிப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அவரைக் கூப்பிட்டார்கள்.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கொட்டகையை நடத்த மாசச் சம்பளத்துல ஒரு மேலாளர் வேணும். கமிட்டி ஆளுங்களும் அவங்க வீட்டாரும் சம்பளம் வாங்க நம்ம விதி இடம் தராது. நல்லவேளை, நீங்க கமிட்டியில இல்லை. நாளையிலேர்ந்து நீங்கதான் மேலாளர்."

"எனக்கா? சம்பளமா?" மெக்கானிக்குக்கு நாக்கு குழறியது. சந்தோஷத்தில் எந்த நாற்காலியில் உட்காருவது என்றே தெரியவில்லை. "என்னங்க இது, அதிர்ஷ்டம் இப்படிக்கூட வருமா!"

சலூன்காரர் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

"அதிர்ஷ்டமா? அண்ணி வீடு வீடா வந்து, 'ஆளுக்கொரு பதவி கேட்டு அடம்பிடிச்சு அவரை எப்படியாவது வெளியே தள்ளுங்க'ன்னு கெஞ்சலேன்னா, நீங்க தலைவராகி ஆயுசுக்கும் ஓசியிலதாண்ணே ஃபேன் மாட்டிக்கிட்டு இருப்பீங்க!"