அந்தப் பக்கத்து முழங்கை

சிமோக்கின் கை முழங்கையில் வந்து நின்றது. கட்டைவிரலில் தொடங்கி, விரல் விரலாகத் தொட்டு, மணிக்கட்டு வழியாக ஏறியிருந்தான். உடம்பைத் தொட்டுத்தான் அங்கே எண்ணுவார்கள்; மேலே ஏற ஏற எண்ணிக்கை கூடும். ஒரு தொடலுக்கு ஒரு பன்றி. தம்பிக்குப் பெண் கேட்டுப் பரிசம் பேச வந்த இடம். அவன் பட்டியில் இருந்ததும் முழங்கை வரைதான்.

பெண்ணின் அப்பா தெவோக் அடுப்புப் புகைக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு பூச்சி சிமோக்கின் தோளில் கடித்தது. பட்டென்று அடித்தான்.

"தோளு!" என்றது பெண் வீட்டுக் கூட்டம்.

தொட்டது தொட்டதுதான். அதிலிருந்து இறங்கினால் தம்பிக்குப் பெண் இல்லை.

பக்கத்திலிருந்த மச்சான் யாபின் பல்லுக்குள் ஏதோ சொன்னான்.

"என்ன?" என்று சிமோக் காதருகே கையைக் குவித்தான்.

"காதுக்கே போயிட்டியேய்யா, பாவி!"

"பூச்சி கடிச்சுது மச்சான்..."

"பேசாத. கையக் கீழ போடு."

போட்டான். அதற்குள் புகை கண்ணைக் கரித்தது. புறங்கையால் ஒரே இழுப்பாகத் துடைத்தான். இந்தக் கண், மூக்கு, அந்தக் கண்.

கூட்டம் மூச்சுவிட மறந்தது. எண்ணிக்கை மூக்கைத் தாண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கிவிட்டது.

"உன் பொண்டாட்டி மடியில வச்சு வளக்குற பன்னிக்குட்டியும் போச்சு," என்றான் யாபின். "இனி என்னையும் சேத்துப் பட்டியில கட்டிக் குடு."

இந்தக் கைகளை நம்பி இனி பயனில்லை. சிமோக் இரண்டையும் மார்பின் குறுக்கே இறுக்கமாகக் கட்டிக்கொண்டான்.

யாபின் முகத்தை மூடிக்கொண்டான். கட்டிய கை போய் உட்கார்ந்திருந்தது, அந்தப் பக்கத்து முழங்கையில்.

தெவோக் மெல்ல எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அத்தனை பன்றிக்கு எங்கே போவது? தம்பியின் முகத்தில் எப்படி விழிப்பது? அசையவே பயந்து, கட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான் சிமோக்.

பெண்ணின் அம்மா உள்ளே வந்து அவன் அருகில் குனிந்தாள்.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் கைய எடுத்துருங்க. வாங்குற பரிசத்துக்குத் தக்க நாங்களும் திருப்பிக் குடுக்கணும்ல? எங்க பட்டியில மணிக்கட்டு வரைக்கும்தான் இருக்கு!"