பாக்கி வைத்த பூஜ்யம்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தி அம்மாவும் உங்கள் மூத்த மகன் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதிதாகப் பிறந்திருக்கும் பேரன் உங்களைக் கொஞ்சமாவது தூங்க விடுகிறானா? நீங்கள் திரும்பும்வரை என் பெண்ணுக்குத் துணையாக இங்கே தங்கியிருக்கும் நாங்கள் இருவரும் நலம், அவளும் நலம். உங்கள் வீடும் நலம். வீட்டுக்குள் போகும் வழி மட்டும் ஒரு வாரம் சுகமில்லாமல் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். போன வாரம் இரண்டு முறை மணியடித்து, நீங்கள் "ஹலோ" என்றதும் பேச்சு மூச்சில்லாமல் வைத்தது யார் என்று யோசித்திருப்பீர்கள். நான்தான்.

மழையில் உங்கள் பின்பக்கச் சுவர் விழுந்த அன்று நீங்கள் போனில் எவ்வளவு கவலைப்பட்டீர்கள், மாப்பிள்ளையும் வேலையாக வெளியூர் போயிருக்கிறாரே என்று எவ்வளவு தயங்கினீர்கள், அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். "நான் இருக்கும்போது நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்றேன். நீளத்துக்கு ஐம்பது கல், உயரத்துக்கு இருபது வரிசை என்று நீங்கள் பழைய சுவரின் கணக்கைச் சொன்னீர்கள். எத்தனை கல் என்பதையும் சொல்ல வாயெடுத்தீர்கள். நான்தான் இடைமறித்து, "முப்பத்தாறு வருஷம் மேல்வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு இதைக்கூடவா சொல்ல வேண்டும்?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

போனை வைத்த கையோடு மனக்கணக்குப் போட்டேன். ஐந்து இரண்டு பத்து. அது சரி. அதற்குப் பிறகுதான் புத்தி பிசகியது. ஐம்பதில் ஒரு பூஜ்யம், இருபதில் ஒரு பூஜ்யம், ஆக விடையில் இரண்டு பூஜ்யம் வரவேண்டும், நூறில் இரண்டு பூஜ்யம் இருக்கிறது, எனவே விடை நூறு என்று முடிவு கட்டினேன். பத்துக்கு என்று சொந்தமாக ஒரு பூஜ்யம் இருப்பதையும், மற்ற இரண்டும் அதன் பின்னால் வந்து நிற்க வேண்டும் என்பதையும் மறந்தே போனேன். செங்கல் சூளைக்குப் போன் செய்து நூறு கல் என்றேன். சூளைக்காரர் என்னுடைய பழைய மாணவர். "சரிங்க சார்" என்றார், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நூறு கல் வந்தது, கொத்தனார் வந்தார், டீ குடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சுவர் என் முழங்காலைக்கூட எட்டவில்லை. பின்வீட்டுத் தையல்காரரின் நாய் வந்து அதை மோந்து பார்த்தது, தாண்டக்கூட மெனக்கெடாமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து வந்தது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டியைக் கவ்விக்கொண்டு வந்த வழியே போனது. என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுவர் எங்கேங்க?" என்றாள். "வரும்" என்றேன்.

வெட்கத்தோடு கணக்கை மறுபடி போட்டேன். ஐந்து இரண்டு பத்து, அதன் பின்னால் இரண்டு பூஜ்யம், ஆயிரம். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ஆனால் போனைக் கையில் எடுத்ததும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது: போன முறை ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டோமே, அதைச் சேர்க்க வேண்டாமா? ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது என்பது உறைக்கவே இல்லை. கடைக்காரரிடம் பழைய பாக்கியைத் தீர்ப்பதுபோல் பாக்கி வைத்த பூஜ்யத்தையும் சேர்த்து, "பத்தாயிரம் கல் அனுப்பிடுப்பா" என்றேன். மறுமுனையில் அவர் யாரிடமோ, லாரி எத்தனை இருக்கிறது என்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "சரிங்க சார்."

மறுநாள் எனக்குக் கண் பரிசோதனை. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால், திரும்பி வரும்போது எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. தெருமுனையில் திரும்பியதும் உயரமாக, சிவப்பாக ஏதோ தெரிந்தது. "யாரோ வீட்டுக்குப் புதுசா வர்ணம் அடிச்சிருக்காங்க போல, எடுப்பா இருக்கே" என்று என் மனைவியிடம் பாராட்டிக்கூடச் சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டு நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். "அது வர்ணம் இல்லங்க. நம்ம சம்பந்தி வீட்டு வாசல்" என்றாள். நான்கு லாரி வந்து போயிருக்கிறது, சம்பந்தி. உங்கள் கேட்டை மறைத்து, குழாயை மறைத்து, பாதித் தெருவை அடைத்து, தபால்பெட்டியின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். உங்கள் மருமகளாகிய என் பெண் அன்று வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனால் அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வெளிச்சம் குறைகிறதே, மழை வரப்போகிறதோ என்று கேட்டைத் திறக்க வந்திருக்கிறாள். கேட் திறக்கவில்லை.

உள்ளே அவள், வெளியே நாங்கள், நடுவில் பத்தாயிரம் கல்.

"அப்பா, எத்தனை சொன்னீங்க?" கல்லுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"கொஞ்சம் கூடிப்போச்சும்மா."

"எவ்ளோ கூடிப்போச்சு?"

தெருவே கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. என் மனைவிதான் சொன்னாள்: "நல்லவேளை, உங்கப்பா பெருக்கலோட நிறுத்தினாரு."

லாரிகள் வேறு எங்கோ வேலையாக இருந்ததால் ஒரு வாரம் கழித்துத்தான் கல்லைத் திருப்பி எடுக்க முடியும் என்று தெரிந்தது. அந்த ஒரு வாரமும் எங்கள் போக்குவரத்து பின்பக்கமாகத்தான், அதாவது அந்த இரண்டு வரிசைச் சுவரைத் தாண்டி, தையல்காரரின் வேலைக்கூடம் வழியாக அடுத்த தெருவுக்கு. அவர் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. இருந்தாலும் உங்கள் மருமகள் கைப்பையை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணி வெட்டும் மேஜைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் ஒடுங்கி நடந்து ஆபீஸ் போவதை ஒவ்வொரு நாளும் நின்று பார்த்தவன் நான். ஒருநாள் அந்த வழியாக நான் போனபோது, சட்டை தைக்க வந்திருந்த ஒருவர் என்னைத் தையல்காரர் என்று நினைத்துக் கைகளை விரித்து நின்று, "தோள்பட்டை எவ்ளோன்னு பாருங்க" என்றார். எண் என்ற நினைப்பு வந்ததுமே ஓடிவிட்டேன்.

சூளைக்காரர் நேரில் வந்தார். நரைத்துப்போன அந்த மாணவர், என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் கொஞ்சம் கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏம்ப்பா, ஒரு சுவருக்குப் பத்தாயிரம் கல்லுன்னா உனக்குச் சந்தேகமே வரலியா?"

"வந்துச்சு சார். நூறு கேட்டப்பவும் வந்துச்சு."

"பின்ன ஏன் கேக்கல?"

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "பத்தாவதுல ஒரு தடவ, 'இது சரியா சார்'னு உங்களைக் கேட்டேன். அன்னைக்குப் பூரா பெஞ்சு மேல நின்னேன். அதுக்கப்புறம் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல சார்."

சம்பந்தி, நாய் வேட்டியைக் கவ்விக்கொண்டு போனபோதும், தெரு கூடி நின்று சிரித்தபோதும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதெல்லாம் துடைத்துப் போட்டுவிடக்கூடிய வெட்கம். இது அப்படியில்லை. அந்த மனிதர் குறைசொல்லிச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில், "தப்பு என்னோடதுப்பா. ரெண்டு தடவையும்" என்றேன். அவர் பதறிப்போய், "ஐயோ, விடுங்க சார்" என்றார். "விட வேணாம். இனிமே நான் கல்லு கேட்டா, எதுக்கு, எத்தனைன்னு நீ என்னைக் கேக்கணும்" என்றேன். உடனே கேட்டார். "இப்ப எத்தனை கல்லு வெச்சுட்டுப் போகணும் சார்?" ஆயிரம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலிலிருந்து என் பெண், "ஏற்கெனவே நூறு சுவர்ல இருக்குப்பா. தொள்ளாயிரம் போதும்" என்றாள். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை லாரிகள் வந்து ஒன்பதாயிரத்து நூறு கல்லை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. எண்ணியது என் பெண்தான். கேட் திறக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. வாசலில் சம்பந்தி அம்மா ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டிகளில் இரண்டு மட்டும் பிழைக்கவில்லை. அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என் பெண் நேற்று, "அத்தை மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க எழுத வேணாம்பா" என்றாள். என் பிழைக்கு அவள் போய் உங்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பதா என்று நினைத்ததும்தான் பேனாவை எடுத்தேன். இதில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை. பெண் கொடுத்த இடத்தில் கணக்குத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியது நான் ஒருவன்தான். பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். பச்சைக் குழந்தைக்கும் அதைப் பெற்றவளுக்கும் எங்கள் ஆசி என்றைக்கும் குறையாமல் இருக்கும். குழந்தைக்குக் காலாகாலத்தில் வாய்ப்பாடு நன்றாக வரட்டும்.

தலைநிமிர முடியாத,
உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கொத்தனார் வந்தார். கல்லைப் பார்த்துவிட்டு, "இது எப்படி சார் போதும்? ஒத்தக் கல்லு அகலத்துல வெச்சா காத்துக்கே சாஞ்சிடும். ரெண்டு கல்லு அகலம் வேணும்" என்றார். "முதல்ல ரெண்டு வரிசை வெச்சப்ப ஏன்யா சொல்லல?" என்றேன். "நூறு கல்லுதானே வந்துச்சு, பூச்செடிக்குப் பாத்தி கட்டுறீங்கன்னு நெனச்சேன்" என்றார். பழைய சுவரும் ஒற்றைக் கல்லில் கட்டியதால்தான் விழுந்ததாம். அதை அப்படிக் கட்டச் சொன்ன புண்ணியவான் யார் என்று கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மேலே நான் பட்டிருக்கும் வெட்கத்தில் இனி சரிபாதி உங்களுடையது என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மொத்தம் எத்தனை கல், இன்னும் எத்தனை வாங்க வேண்டும் என்பதை நீங்களே போட்டு, மறுதபாலில் எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன். விடை மட்டும் போதாது, வழிமுறையும் வேண்டும்.